ஒரு திறப்பும் பல கதவுகளும்

முன்னாளிலே தீவகத்துப் பெரிய வீடுகளில் ஆச்சிமாரின் இடுப்பிலே திறப்புக் கோவையொன்று செருகப்பட்டிருக்கும். பெட்டகத்துக்கு ஒன்று, தானிய அறைக்கு ஒன்று, சுவாமி அறைக்கு ஒன்று, பனங்கட்டிக் குட்டான்கள் அடுக்கிவைத்த அறைக்கு ஒன்று என, அவர் நடக்கும்போதெல்லாம் அது கலகலக்கும். எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்குரியது என்பதை ஆச்சி இருட்டிலும் தடவியறிவார். இன்றைய மாணவரும் அத்தகைய கோவையொன்றைச் சுமந்தே திரிகின்றனர். அது கண்ணுக்குத் தெரிவதில்லை; கலகலப்பதுமில்லை. பாடங்கள் வைக்கப்பட்டுள்ள தளத்துக்கு ஒரு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு ஒன்று, இணையவழி வகுப்புக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, விண்ணப்பங்களுக்கு வேறொன்று. வேலணையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளை, முதலாம் ஆண்டு முடிவதற்குள் ஏழெட்டுக் கடவுச்சொற்களை மனத்திலே இருத்த வேண்டியவராகின்றார்.

மனித மனம் அதற்கு இசைவதில்லை. ஆகவே பிள்ளைகள் குறுக்கு வழிகளைக் கைக்கொள்கின்றனர். எல்லாக் கதவுக்கும் ஒரே சொல்லை வைத்துவிடுவோர் உளர். கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைப்போர் உளர். நண்பரிடம் சொல்லிவைப்போரும் உளர். இவற்றுள் முதலாவதே மிகக் கேடானது. எங்கோ ஒரு சிறிய தளத்திலே திருடப்பட்ட சொல்லை, திருடர் மற்றைத் தளங்களிலெல்லாம் இட்டுப் பார்ப்பர் என்பது இத்துறையில் யாவரும் அறிந்ததே. மூன்றாவது வழக்கம் தீவகத்திலே மிகுதி. ஒப்படையை நள்ளிரவுக்குள் அனுப்பவேண்டும். வீட்டிலே சிக்னல் இல்லை. காலைப் படகு வரும்வரை காத்திருக்கவும் இயலாது. யாழ்ப்பாண நகரிலே தங்கியிருக்கும் தோழி அவளுக்காக உள்நுழைந்து அனுப்பிவிடுகின்றாள். அன்பினாலே செய்யப்படும் உதவிதான். ஆயினும் அச்சொல்லை இப்போது இருவர் அறிவர். நாளை மனஸ்தாபம் வந்தால், விடையைத் திருத்தியவர் யார், அழித்தவர் யார் என்பதை எந்த ஆசிரியராலும் நிறுவ முடியாது. பிள்ளையின் புள்ளி மட்டுமன்றி, அவளுடைய பெயரே பிறர் கையிலே சிக்கிவிடுகின்றது.

இந்தத் தொல்லைக்கு நிறுவனங்கள் கண்ட பரிகாரமே ஒற்றைப் புகுபதிகை என்னும் ஏற்பாடு. ஒரு நிறுவனத்துக்கு எத்தனை தளங்கள் இருப்பினும், பயனாளர் ஓரிடத்தில் மாத்திரம் தம்மை யாரென்று மெய்ப்பித்தால் போதும். மற்றை இடங்களெல்லாம் அந்த ஓரிடத்தின் சொல்லை நம்பி அவரை உள்ளே விடும். நம்மூர்ச் சங்கடப்படலையை நினைத்துக்கொண்டால் விளக்கம் எளிதாகும். கூரை வேய்ந்த அப்படலையிலே வந்தவர் இன்னார் என்று வீட்டார் அறிந்து உள்ளே அழைத்தபின், முற்றத்திலும் திண்ணையிலும் அடுக்களை வாசலிலும் ஒவ்வொருவராக நின்று "நீர் ஆர்?" என்று கேட்பதில்லையன்றோ?

கடவுச்சொல் கணினிக்குள் வந்த கதை சுவையானது. அமெரிக்காவிலே மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டு, பேர்னான்டோ கோர்பற்றோ என்பவரின் தலைமையில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்று உருவாக்கப்பட்டது. ஒருவருடைய கோப்பை மற்றவர் பாராதிருக்க ஆளுக்கொரு சொல் கொடுத்தனர். அடுத்த ஆண்டிலேயே அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறருடைய நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டார். 1966இல் இதைவிட வேடிக்கையான செய்தி நிகழ்ந்தது. இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறிவிட்டமையால், கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! ஆகக் கடவுச்சொல் பிறந்த வீட்டிலேயே களவும் கசிவும் உடன்பிறந்துவிட்டன.

அதே நிறுவனத்தில் 1983ஆம் ஆண்டு அதீனா என்னும் பெருந்திட்டம் தொடங்கிற்று. வளாகமெங்கும் நூற்றுக்கணக்கான கணினிகளை நிறுவி, எந்த மாணவரும் எந்தக் கணினியிலும் அமர்ந்து தம் வேலையைத் தொடரச் செய்வதே அதன் நோக்கம். அதற்கெனப் படைக்கப்பட்டதுதான் கேர்பெரோஸ் என்னும் முறை. கிரேக்கப் புராணத்திலே பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. நம் வேத மரபிலும் யமனுக்கு இரண்டு நாய்கள் உள. அவற்றுக்குத் தலை மூன்றன்று, கண் நான்கு. காவலுக்கு நாயே தக்கது என்பதில் இரு நாட்டாரும் உடன்பட்டிருக்கின்றனர்! கேர்பெரோஸ் முறையிலே மாணவர் காலையில் ஒருமுறை தம்மை மெய்ப்பித்துச் சீட்டொன்றைப் பெறுவார். அதன் பின்னர் அச்சுப்பொறிக்கோ கோப்புக் களஞ்சியத்துக்கோ அவர் காட்டுவது சீட்டுகளையே, கடவுச்சொல்லையன்று. சில மணி நேரத்தில் சீட்டு காலாவதியாகிவிடும்.

சீட்டு என்ற இந்தக் கருத்திலேதான் முழு ஏற்பாட்டின் உயிரும் இருக்கின்றது. இணையத்துக்கு அது விரிந்த விதத்தைச் சிறிது நின்று பார்க்கலாம்.

ஒரு மாணவி வேறொரு கல்லூரியின் நூலகத்துக்குச் செல்கின்றாள் என வைத்துக்கொள்வோம். நூலகர் அவளை அறியார். ஆயினும் அவளுடைய அதிபரின் கையொப்பத்தையும் கல்லூரி முத்திரையையும் அறிவார். "உன் அதிபரிடம் கடிதம் வாங்கி வா" என்று திருப்பியனுப்புகின்றார். அதிபர் அவளை நேரிற் கண்டு அறிந்து, "இவர் எமது மாணவி, இன்று மட்டும் செல்லும்" என்று எழுதிக் கையொப்பமிடுகின்றார். நூலகர் முத்திரையைச் சோதித்துக் கதவைத் திறக்கின்றார். இணையத்திலும் இதுவே நடைபெறுகின்றது. நூலகர் இருக்கும் இடத்தில் இருப்பது சேவை தரும் தளம். அதிபர் இருக்கும் இடத்தில் இருப்பது அடையாளம் வழங்கும் வாயில். கடிதம் என்பது கணிதத்தினாற் செய்யப்பட்ட மின்கையொப்பம் தாங்கிய சிறு செய்தி. மாணவியின் கடவுச்சொல் தன் கல்லூரி வாயிலைத் தாண்டி வேறெங்கும் செல்வதில்லை என்பதே இதில் உயர்ந்த பயன். நூலகத்துக் கணினி நாளை திருடர் வசமானாலும், அங்கே அவளுடைய சொல் இல்லை. ஆகவே திருடுவதற்கும் ஒன்றுமில்லை.

இக்கடிதங்களை எல்லா நாட்டாரும் ஒரே வடிவில் எழுதுவதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. சாம்ல் எனப்படும் அவ்விதித்தொகுதியின் இரண்டாம் பதிப்பு 2005இல் நியமமாக ஏற்கப்பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கென அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மென்பொருள் முயற்சியொன்று இத்துறையில் முன்னோடியாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஷிபொலெத்.

அப்பெயரின் வரலாற்றைத் தமிழ் வாசகர் அறிந்திருத்தல் வேண்டும். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே, நியாயாதிபதிகள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அது வருகின்றது. கிலெயாத்தியருக்கும் எப்பிராயீமியருக்கும் போர் மூண்டது. தோற்றோடிய எப்பிராயீமியர் யோர்தான் நதியைக் கடக்க வந்தபோது, வென்றவர்கள் துறைகளை மறித்து நின்றுகொண்டு, வருவோரை நோக்கி "ஷிபொலெத்" என்று சொல்லும்படி கேட்டனர். எப்பிராயீமியருக்கு 'ஷ'கரம் நாவிலே வாராது, "சிபொலெத்" என்றனர். அவ்வாறு சொன்னவர் எவரோ அவர் அங்கேயே வெட்டுண்டார். 42,000 பேர் மடிந்தனர் என்று அந்நூல் கூறுகின்றது. ஒரு சொல்லே கடவுச்சொல்லாக, ஓர் ஆற்றுத்துறையே கொலைக்களமாக மாறிய கதை இது.

ஈழத்துத் தமிழருக்கு இது எங்கோ நடந்த பழங்கதையன்று. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது, தெருவிலே வழிமறித்தோர் வாளியைக் குறிக்கும் 'பால்தியா' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கும்படி கேட்டனர். முதலெழுத்தைத் தமிழ் நாவுக்குரிய முறையில் வல்லொலியாக உச்சரித்தோர் அகப்பட்டுக்கொண்டனர். அந்நாளைக் கடந்து வந்தோர் இன்றும் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். கணினித் துறையினர் இப்பெயரை விளையாட்டாகத்தான் சூட்டியிருப்பர். ஆனால் இந்த மென்பொருள் செய்யும் வேலை அந்தப் பழைய கொடுமைக்கு நேர்மாறானது என்பதை நாம் கவனித்தல் தகும். யோர்தான் துறையிலே அந்நியன் ஒருவன் உம்முடைய நாவைச் சோதித்தான். இங்கோ உம்மை அறிந்த உமது நிறுவனம் உமக்காகச் சான்று கூறுகின்றது. துறையில் நிற்பவன் உம்மை எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைக்கும் வலையமைப்புக்கு லேர்ண் என்று பெயர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சற் சேவையாக இது தொடங்கிற்று. அதே 1990இல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்து மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலே புகுந்தது என்பதையும், அதனையடுத்துத் தீவக மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டுப் பெயர்ந்தனர் என்பதையும் உடன் நினைத்தால், நாம் எவ்வளவு பிந்திப் பந்திக்கு வந்தோம் என்பது புலனாகும். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அவ்வலையமைப்பிலே ஓர் அங்கம். லேர்ண் அமைப்பின் கீழே அடையாளக் கூட்டமைப்பு ஒன்றும் நடைபெறுகின்றது. அதிற் சேர்ந்த நிறுவனங்கள் ஒன்றன் கடிதத்தை மற்றொன்று ஏற்பதற்கு முன்கூட்டியே உடன்பட்டுள்ளன. இத்தகைய தேசியக் கூட்டமைப்புகளை உலகளாவ ஒன்றிணைக்கும் எடுகெய்ன் என்னும் பெருங்கூட்டமைப்பும் உண்டு.

இதற்கு இளைய சகோதரம் போன்றது எடுறோம். தம் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கைத்தொலைபேசியில் ஒருமுறை பதித்துக்கொண்ட மாணவர், எடுறோமிற் சேர்ந்த வேறெந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குட் சென்றாலும், பேராதனையாயினும் பாரிஸ் மாநகராயினும், கம்பியில்லா இணைப்பு யாரையும் கேளாமல் தானாகவே கிடைக்கும். இது பிறந்த நாடு எது தெரியுமா? நெதர்லாந்து. அந்நாட்டுக் கல்வி வலையமைப்பாகிய சேர்ப்நெற்றிலே பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா என்பவர் 2002ஆம் ஆண்டில் இந்த யோசனையை முன்வைத்தார். ஒல்லாந்தர் ஒருகாலத்தில் நம் தீவுகளுக்கெல்லாம் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அவர்கள் அன்று கேளாமலே பெயர் தந்தனர். அவர்களுடைய சந்ததியார் இன்று கேளாமலே இணைப்புத் தருகின்றனர். பின்னையதே நமக்கு உகந்தது!

இலங்கையர் இத்துறையில் வாங்கியுண்போர் மாத்திரமல்லர். 2005ஆம் ஆண்டு சஞ்சீவ வீரவரண முதலியோரால் நிறுவப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், அடையாள வாயிலாக இயங்கும் மென்பொருளைக் கொழும்பிலே உருவாக்கிப் பல நாடுகளின் வங்கிகளுக்கும் அரசுகளுக்கும் வழங்கி வந்துள்ளது. அதன் மூலநிரல் யாவரும் எடுத்து ஆராயக்கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. கணினி பயிலும் நம் மாணவர் அதனைப் படித்துப் பார்த்தல் நன்று. 2024இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமொன்று இதனை வாங்க முன்வந்தபோது பேசப்பட்ட தொகை 60 கோடி டொலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன.

தமிழர் நேரே அனுபவித்த எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமாயின், விக்கிப்பீடியாவைச் சொல்லலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனைத் தொடக்கத்திலே தனியொருவராக இருந்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன். கட்டடக் கலைஞராகிய அவர் வளைகுடா நாட்டிலே இருந்துகொண்டு இத்தொண்டினை ஆற்றினார். அக்காலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கணக்கு, விக்சனரி அகராதிக்கு ஒரு கணக்கு, படங்களைச் சேமிக்கும் பொதுவகத்துக்கு ஒரு கணக்கு, ஆங்கிலப் பதிப்புக்கு ஒரு கணக்கு என ஒவ்வொன்றும் வேறாயிருந்தன. 2008இல் ஒற்றைப் புகுபதிகை எல்லாப் பயனருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடைய கணக்குகள் ஒன்றாய்க் கலந்தன. ஆனால் சிக்கல் ஒன்று எஞ்சிற்று. தமிழ்ப் பதிப்பிலே ஒரு பெயரை ஒருவர் வைத்திருப்பார். அதே பெயரை யேர்மன் பதிப்பிலே முன்பின் அறியாத வேறொருவர் வைத்திருப்பார். படலை ஒன்றானபின் ஒரு பெயருக்கு இருவர் உரிமை கொண்டாட இயலாதன்றோ? ஏழாண்டு இழுபறியின் பின்னர் 2015 ஏப்பிரிலில் இது தீர்க்கப்பட்டது. மோதிக்கொண்ட கணக்குகளுள் ஒன்றுக்கு மட்டும் பெயர் நிலைத்தது. மற்றவற்றுக்குப் பெயரின் வாலிலே பதிப்பின் குறியீடு ஒட்டப்பட்டது. பல்லாண்டு உழைத்த பெயரிலே திடீரென வால் முளைத்தால் எவருக்கும் மனம் நோகும். பெயர் என்பது கணினிக்கு வெறும் எழுத்துத்தொடர், மனிதனுக்கு அப்படியன்று.

பெயர்ச் சிக்கல் நம்மவரிடத்திலே இன்னும் கூர்மையானது. ஒரு தீவகக் கல்லூரி தனக்கென ஒற்றைப் புகுபதிகையை அமைக்கப் புறப்படுமாயின், முதலிலே தடக்கி விழுவது மென்பொருளிலன்று, சேர்வு இடாப்பிலே. ஒரே பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும், பரீட்சை அனுமதி அட்டையில் மற்றொருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். 'த'கரத்துக்கு எச் சேர்ப்பார் ஓர் எழுதுநர். சேர்க்காது விடுவார் மற்றவர். நெடிலுக்கு 'ஏ' ஒன்றா, இரண்டா என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை. 'ழ'கரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கு மேலாக, மேலைநாட்டார் செய்த படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி நிற்கும். நமக்கோ குடும்பப்பெயர் என்பது மரபில் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக வரும். ஒருவர் தந்தையின் பெயரை முதற்கட்டத்தில் நிரப்புவார். மற்றவர் இரண்டாவதில் நிரப்புவார். இவ்வாறு ஒரே பிள்ளை இரண்டு தளங்களில் இரண்டு மனிதராகிவிடும். வாயில் ஒன்றான பின்னர் எந்த வரிசைப் புள்ளிகள் யாருக்குரியவை என்பதில் குழப்பம் நேரும்.

ஆகையால் பெயரை அடையாளமாக வைத்தலாகாது என்பதே என் முடிபு. கல்லூரி தரும் சேர்விலக்கமே தக்கது. அது மாறாது, விவாகத்தாலும் எழுத்துத் திருத்தத்தாலும் வேறுபடாது. ஒருவர் விலகிய பின்னர் அவருடைய இலக்கத்தை மற்றொருவருக்குக் கொடாதிருப்பது மாத்திரம் கட்டாயம். பெயரைத் திரையிலே காட்டுவதற்கு மட்டும், பிள்ளை எழுதும் வண்ணம் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பாடங்களை வைப்பதற்கு நம் பல்கலைக்கழகங்கள் பலவும் கையாளுவது மூடில் என்னும் மென்பொருளே. அதனை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ் என்பவர், அவுஸ்திரேலியாவின் மேற்குப் பாலைநிலத்திலே, பாடசாலையே அருகில் இல்லாத குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். சிற்றலை வானொலி வழியாகவே தொலைவிலிருந்த ஆசிரியரிடம் பாடங் கேட்டவர். கடல் சூழ்ந்த தீவுக்கும் மணல் சூழ்ந்த குடியிருப்புக்கும் வேறுபாடு பெரிதன்று. தீவகப் பிள்ளைகளின் கல்விக்கு அவர் செய்த மென்பொருள் பொருந்தியிருப்பதிலே வியப்பில்லை. விலையின்றிக் கிடைக்கும் இம்மென்பொருள், மேற்சொன்ன கடிதங்களை ஏற்கும் வசதியையும் உடையது. கல்லூரியின் மின்னஞ்சல் கூகிளிலோ மைக்றோசொவ்ற்றிலோ இருக்குமாயின் அதனையே வாயிலாகக் கொண்டு மூடிலை அதனுடன் பிணைத்துவிடலாம். தனியாக இயந்திரம் வாங்கவேண்டிய தேவையுமில்லை.

பிணைப்பது ஓரிரு நாள் வேலை. பேணுவதே கடினம். வாயிலும் தளமும் ஒன்றையொன்று நம்புவதற்கு மின்சான்றிதழ்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுக்குக் காலவரையறை உண்டு. புதுப்பிக்க மறந்தால் ஒருநாட் காலையில் எவரும் உள்ளே போக முடியாது; அந்த நாள் பெரும்பாலும் பரீட்சை நாளாகவே அமையும். கடிகாரமும் சரியாய் இருத்தல் வேண்டும். கடிதங்கள் சில நிமிடங்களுக்கே செல்லுபடியாகும் ஆதலால், மின்வெட்டுக்குப் பின்னர்ப் பழைய நேரத்தைக் காட்டும் கணினி, நல்ல கடிதத்தையும் காலாவதியானது என்று தள்ளிவிடும். முழு ஏற்பாட்டின் தலைத் திறப்பை ஓர் ஆசிரியரிடம் மட்டும் ஒப்படைத்தலும் தவறு. அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டால் கல்லூரியின் திறப்பு அவரோடு படகேறிவிடும். இருவரிடம் இருக்கவேண்டும், மூன்றாவது படி முத்திரையிட்ட உறையில் அதிபரின் பெட்டகத்தில் இருக்கவேண்டும்.

நான் மிகப் பெரிய பயனாகக் கருதுவது வேறொன்று. விடுகைப் பத்திரம் பெற்றுச் சென்ற மாணவரின் கணக்கு, ஆசிரியர் ஓய்வுபெற்ற பின்னும் திறந்தே கிடக்கும் கணக்கு, ஆறு தளங்களில் ஆறு விதமாகக் கிடந்தால் அவற்றை மூடுவார் யார்? வாயில் ஒன்றாயின், இடாப்பிலே ஒருவருடைய பெயர் வெட்டப்படும் அன்றே எல்லாக் கதவும் அவருக்கு மூடிக்கொள்ளும். திறப்பதற்கு எளிது என்று புகழப்படும் இவ்வேற்பாட்டின் மெய்யான சிறப்பு மூடுவதற்கு எளிது என்பதிலேதான் உண்டு.

ஆயின், எல்லாம் ஒரே திறப்பானால் அதனைத் திருடியவனுக்கும் எல்லாம் ஒரே களவாகுமன்றோ என்று கேட்போர்க்கு என்ன விடை? கேள்வி நியாயமானது. சிங்கப்பூர் அரசு தன் சேவைகளுக்கெல்லாம் ஒரே வாயிலாக 2003இல் சிங்பாஸ் என்பதனை அமைத்தது. அங்குள்ள தமிழர் வரி செலுத்துவதும் வீட்டு விண்ணப்பம் செய்வதும் அதன் வழியே. 2014இல் அதன் 1,560 கணக்குகளுக்குள் பிறர் நுழைந்திருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் காட்டும் முறை அங்கே கொண்டுவரப்பட்டது. முகநூலில் 2018இல் நேர்ந்தது இதனினும் பெரிது. கடவுச்சொற்களைத் தொடாமலே சீட்டுகளை மாத்திரம் திருடினர். ஐந்து கோடிக் கணக்குகள் வரை ஆபத்துக்கு உள்ளாயிருக்கலாம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை மூன்று கோடி எனத் திருத்தப்பட்டது.

இரண்டாவது சான்று என்பது பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி இலக்கமாகவே இருக்கின்றது. கொழும்பிலே இருந்து திட்டம் வகுப்போர் இதில் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தீவகத்தில் எத்தனையோ வீடுகளில் தொலைபேசி ஒன்றுதான். அதுவும் தந்தையின் மடியில் இருக்கும். தந்தையோ கடலில் இருப்பார். பிள்ளை மாலையில் படிக்க அமர்ந்து கடவுச்சொல்லை இட, இரகசிய இலக்கம் எழுவைதீவுக்கு அப்பால் வலைகளுக்கு நடுவே போய்ச் சேரும். இதற்கு மாற்று இல்லாமலில்லை. முப்பது விநாடிக்கொருமுறை இலக்கத்தை மாற்றிக்காட்டும் செயலியொன்றைப் பாடசாலைக் கணினியிலோ பழைய தொலைபேசியிலோ நிறுவிக்கொள்ளலாம். அதற்கு நேரம் சரியாயிருந்தால் போதும், சிக்னலே தேவையில்லை. அன்றி, ஒருமுறை மட்டும் பயன்படும் இலக்கங்கள் பத்தைத் தாளிலே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். தாள் பழமையானது என்று எவரும் எள்ள வேண்டியதில்லை. கடலுப்புக்கும் மின்வெட்டுக்கும் அது தாக்குப்பிடிக்கும்.

இன்னொரு அச்சமும் உண்டு. வாயில் ஒன்றாயின், யார் எந்நேரத்தில் எந்தக் கதவுக்குச் சென்றார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். போர்க்காலத்தில் பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊருக்குச் செல்லும்போது, சாவடிகளில் இறங்கி ஏறி அடையாள அட்டையைக் காட்டிப் பழகியவர் நாம். எங்கே போகின்றாய், எதற்குப் போகின்றாய் என்ற கேள்விகளின் சுமை நமக்குத் தெரியும். ஒவ்வொரு சாவடியிலும் காட்டுவதினும் ஒரே இடத்திற் காட்டுவது சுகமே. ஆனால் அந்த ஓரிடத்திலுள்ள பதிவேட்டை வாசிப்பவர் யார் என்று கேட்பதற்கு உரிமை வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகைப் பதிவுகளைக் கருதியும் நிறைவேற்றப்பட்டதே. கல்லூரி அனுப்பும் கடிதத்திலே சேர்விலக்கமும் வகுப்பும் போதுமாயின், பிறந்த திகதியையும் வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்பலாகாது. நூலகருக்கு வேண்டியது இவர் மாணவர் என்பது மாத்திரமே. எந்தெந்த விபரம் எந்தத் தளத்துக்குப் போகின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கூட்டத்திலே வாசித்துக் காட்டும் வழக்கம் நம் பாடசாலைகளுக்கு வருமாயின் நன்று.

கடைசியாக, வெளியேறுதல் பற்றிய சிறிய செய்தியொன்று. உள்ளே புகுதல் ஒருமுறையில் முடிந்தாலும், வெளியேறுதல் அவ்வாறு முடிவதில்லை. மூடிலில் வெளியேறு என்னும் பொத்தானை அழுத்தினால் மூடிலின் கதவு மூடும், மின்னஞ்சலின் கதவு திறந்தேயிருக்கும், படலையும் திறந்தேயிருக்கும். அடுத்து அமர்பவர் மூடிலை மறுபடி தட்டினால், வாயில் அவரை முன்னவர் என்றே எண்ணி உள்ளே விட்டுவிடும். சொந்தக் கணினி உடையோருக்கு இதனால் தீங்கில்லை. ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் பல பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே கணினியைப் பாவிக்கும் இடங்களிலேதான் இடர். அங்கே உலாவியைத் தனிமறைவு நிலையிலே திறந்து, வேலை முடிந்ததும் அதன் எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு எழும்பவேண்டும். உள்ளே புகும் முறையைக் கற்பிப்பதற்கு முன்பே இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆசிரியர் கடன். முதல் நாள் வகுப்பிலே பத்து நிமிடம் போதும்.